சந்தா நின்ற பிறகு ஸ்டொக் படம் யாருடையது?

பங்குனி முடிந்து கடல் அடங்கத் தொடங்கும்போது திருகோணமலையில் டிசைன் வேலை கூடிவிடும். உப்புவெளி, நிலாவெளிப் பக்கத்து விடுதிகள் போன வருடத்துத் துண்டுப்பிரசுரத்தில் விலையை மட்டும் மாற்றித் தரச் சொல்லும். திமிங்கிலம் பார்க்கப் படகு விடுபவர்கள் பழைய வடிவத்தையே பெரிய பதாகையாகக் கேட்பார்கள். சின்ன வேலைதானே என்று பழைய கோப்பைத் திறந்தால், முகப்புப் படம் இருந்த இடத்தில் இணைப்பைக் காணவில்லை என்ற எச்சரிக்கை நிற்கிறது. படத்தை இறக்கிய கணக்கு இப்போது இல்லை. எந்தத் தளத்தில் எடுத்தது, யாருடைய பெயரில் எடுத்தது என்று சொல்லவும் ஆளில்லை. அப்போது வேலை செய்த தம்பி கட்டாருக்குப் போய்விட்டார்.

இதைப் 'படம் போய்விட்டது' என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுகிறோம். என்ன போனது என்று பிரித்துப் பார்ப்பதில்லை. ஸ்டொக் படத்துக்கு, அதாவது இணையத் தளங்கள் சந்தாவுக்கோ தனி விலைக்கோ உரிமத்தோடு தரும் ஆயத்தப் படத்துக்கு, பணம் கட்டும்போது மூன்று விடயங்கள் ஒன்றாகக் கிடைக்கின்றன. ஒன்று கோப்பு, அதாவது கணினியில் வந்து இறங்கும் பெரிய அளவுப் படம். இன்னொன்று உரிமம், அந்தப் படத்தை எதற்கெல்லாம் பயன்படுத்தலாம் என்ற அனுமதி. மூன்றாவது கணக்கு. அதன் வழியாகத்தான் படத்தைத் திரும்ப இறக்கலாம், பழைய பற்றுச்சீட்டைப் பார்க்கலாம். சந்தா நின்றால் முதலில் அடைபடக்கூடியது கணக்குத்தான். பெரும்பாலான தளங்களில் உரிமம் தொடர்கிறது. கோப்பைப் பத்திரப்படுத்தி வைத்திருந்தால் அதுவும் இருக்கிறது. ஆனால் பல டிசைனர்கள் கோப்பையும் உரிமத்தின் சான்றையும் கணக்குக்குள்ளேயே விட்டுவைக்கிறார்கள். கணக்கு போகும் நாளில் மூன்றும் சேர்ந்து போகின்றன. படத்தை இறக்கிய அன்றே செய்திருக்க வேண்டிய ஐந்து நிமிட வேலை விடுபட்டதுதான் காரணம் என்பது என் உறுதியான எண்ணம்.

ஒவ்வொரு தளத்திலும் ஒவ்வொரு கணக்கு

ஷட்டர்ஸ்டொக், அடோபி ஸ்டொக், ஐஸ்டொக் போன்ற பெரிய தளங்களில் வழக்கமான ஏற்பாடு எளிமையானது. சந்தா நடக்கும் காலத்தில் உரிமத்தோடு இறக்கிய படத்தைச் சந்தா முடிந்த பிறகும் பயன்படுத்தலாம். மீதமிருக்கும் இறக்கங்கள்தான் பறிபோகும். மாதம் பத்துப் படங்கள் எடுக்கும் சந்தாவில் ஆறு படங்கள் எடுக்காமல் விட்டுச் சந்தாவை நிறுத்தினால் அந்த ஆறும் போய்விடும். வங்கி அட்டை காலாவதியாகிக் கொடுப்பனவு தவறினாலும் இதே கதிதான்.

என்வாட்டோ எலிமென்ட்ஸின் முறை வேறு. அங்கே மாதக் கட்டணத்துக்கு எத்தனை படமும் இறக்கலாம். ஆனால் எந்த வேலைக்கு எந்தப் படம் என்று சந்தா இருக்கும்போதே பதிந்து வைக்க வேண்டும். பதிந்த வேலைக்கான உரிமம் தொடரும். சந்தா முடிந்த பிறகு அதே படத்தை எடுத்துப் புதிய வேலை ஒன்றில் வைக்க முடியாது. வன்தட்டில் நூறு படங்களை இறக்கி வைத்துக்கொண்டு, இனிப் பல வருடங்களுக்குக் கவலையில்லை என்று இருப்பவர்கள் இதைக் கவனிப்பதில்லை. அவர்களிடம் கோப்பு இருக்கிறது, அனுமதி இல்லை.

இணையத்திலேயே வடிவமைக்கும் தளமான கன்வாவில் சிக்கல் இன்னொரு விதம். அங்கே ப்ரோ என்ற கட்டணச் சந்தாவில் வரும் படங்களுக்கான அனுமதி ஒவ்வொரு வடிவமைப்போடும் கட்டப்பட்டது. சந்தாக் காலத்தில் வடிவமைத்து வெளியே எடுத்த பிடிஎஃப் கோப்புக்கு ஒன்றும் ஆகாது. சந்தா நின்ற பிறகு அதே வடிவமைப்பைத் திறந்து திருத்தி மீண்டும் இறக்கப்போனால் ப்ரோ படங்களின் மேல் நீர்முத்திரை விழும், அல்லது பணம் கேட்கும். கோவில் திருவிழா அழைப்பிதழ், தனியார் வகுப்பு விளம்பரம், பிறந்தநாள் பதாகை என்று நகரத்தில் பாதி வேலை இப்போது கன்வாவில்தான் நடக்கிறது. அதனால் இந்த ஒரு விதியை எல்லாரும் தெரிந்திருக்க வேண்டும்.

படங்களோடு இது நின்றுவிடுவதில்லை. அடோபி ஃபொன்ட்ஸ் எழுத்துருக்கள் சந்தா நின்றதும் செயலிழந்து, திறக்கும் கோப்பில் வேறு எழுத்துரு வந்து உட்கார்ந்துவிடும். 2022 இறுதியில் அடோபி மென்பொருள்களிலிருந்து, அச்சு நிறங்களை இலக்கமிட்டு வகுக்கும் பான்டோன் நிறத் தொகுப்புகளில் பெரும்பாலானவை நீக்கப்பட்டபோது, பழைய போட்டோஷொப் கோப்புகளில் அந்த நிறங்கள் கறுப்பாகத் தெரிந்தன. திரும்பப் பெறத் தனிச் சந்தா கட்ட வேண்டியிருந்தது. வேலைக்கான பொருள்களை வாங்கி வைத்திருந்த தொழில் இப்போது அவற்றை மாதவாடகைக்கு எடுக்கும் தொழிலாகிவிட்டது. அந்த மாற்றத்துக்கு ஏற்றபடி எங்கள் சேமிப்புப் பழக்கம் மாறவில்லை.

உரிமம் தொடர்கிறது என்பதற்கும் எல்லை உண்டு. பெரிய தளங்களின் சாதாரண உரிமம் 500,000 அச்சுப் பிரதிகள் வரை என்று வரையறுக்கிறது. திருகோணமலையில் எந்த விடுதியின் துண்டுப்பிரசுரமும் அந்த எண்ணிக்கையைத் தொடாது. ஆனால் கடற்கரை ஓரமாக விற்கும் டீசேர்ட், மக், காந்த அட்டை போன்றவற்றில் படம்தான் சரக்கு. அப்படி விற்கும் பொருளுக்கு விலை கூடிய விரிவுபடுத்திய உரிமம் தேவை. பத்துப் பொருள் விற்றாலும் அதே விதிதான். 'செய்திப் பயன்பாட்டுக்கு மட்டும்' என்று குறித்த படத்தை விடுதி விளம்பரத்தில் வைக்கவே கூடாது. கோணேசர் கோவில் திருவிழாக் கூட்டம், மீன்பிடி வாடியில் வேலை செய்பவர்கள் போன்ற படங்கள் பெரும்பாலும் இந்த வகையில் வருகின்றன, படத்தில் இருப்பவர்களிடம் எழுத்து ஒப்புதல் வாங்கப்படாததால். அழகாக இருக்கிறது என்று எடுத்து வைத்தால், பணம் கட்டியும் மீறலாகிவிடும்.

கடைகளே மூடும்போது

எங்கள் கணக்கை நாங்கள் ஒழுங்காக வைத்திருந்தாலும் தளமே இல்லாமல் போகலாம். அச்சகங்களில் ஒருகாலத்தில் எல்லா வேலைக்கும் கைகொடுத்த மைக்ரோசொப்ட் ஒஃபிஸ் கிளிப் ஆர்ட் இணையத் தொகுப்பு 2014 இறுதியில் நிறுத்தப்பட்டது. படம் ஒன்று ஒரு டொலர் என்று பலரை ஈர்த்த டொலர் போட்டோ கிளப் 2016இல் மூடப்பட்டது. அதை நடத்திய ஃபோட்டோலியாவை அதற்கு முந்திய வருடம் அடோபி வாங்கியிருந்தது. பில் கேட்ஸ் 1989இல் தொடங்கிய கோர்பிஸ் 2016 ஜனவரியில் சீன நிறுவனம் ஒன்றுக்குக் கைமாறி, சீனாவுக்கு வெளியே அதன் படங்களை விற்கும் பொறுப்பு அதுவரை போட்டியாளராக இருந்த கெட்டி இமேஜஸுக்குப் போனது. கெட்டியின் சொந்தத் தளமான திங்க்ஸ்டொக் 2019இல் நிறுத்தப்பட்டது. இப்படி ஒவ்வொரு தளம் மூடும்போதும் வாடிக்கையாளர்களுக்கு மின்னஞ்சல் வரும், இந்தத் திகதிக்கு முன் உங்கள் படங்களை இறக்கிக்கொள்ளுங்கள் என்று. பதிவு செய்த மின்னஞ்சல் முகவரி பழையதாக இருந்தால் அந்த அறிவித்தலும் கிடைக்காது.

மூடாத கடைகளும் கைமாறிக்கொண்டே இருக்கின்றன. ஐஸ்டொக்கை 2006இல் கெட்டி வாங்கியது. பிக்சபேயையும் பெக்செல்ஸையும் 2019இல் கன்வா வாங்கியது. அன்ஸ்பிளாஷ் 2021இல் கெட்டியிடம் போனது. என்வாட்டோவை 2024இல் ஷட்டர்ஸ்டொக் வாங்கியது. அந்த ஷட்டர்ஸ்டொக்கும் கெட்டியும் இணையப்போவதாக 2025 ஜனவரியில் அறிவித்தன. தனித்தனிக் கடைகள் என்று நினைத்துக்கொண்டு நாம் எடுக்கும் படங்களின் உரிமங்கள் ஒருசில நிறுவனங்களின் கையில் போய்ச் சேருகின்றன. கைமாறும்போது கணக்குமுறை மாறும், விலை மாறும், பழைய பற்றுச்சீட்டுப் பக்கத்தின் முகவரி மாறும்.

இலவசத் தளங்களிலும் இதே நகர்வுதான். அன்ஸ்பிளாஷ் 2017 ஜூன் வரை, பிக்சபே 2019 ஜனவரி வரை, எல்லா உரிமையையும் துறந்துவிடும் சிசி0 முறையில் படங்களைக் கொடுத்தன. பிறகு இரண்டும் தத்தம் சொந்த உரிமத்துக்கு மாறின. முன்பு இறக்கிய படத்துக்குப் பழைய அனுமதியே செல்லும், அதைத் திரும்பப் பெற முடியாது. ஆனால் எப்போது இறக்கினோம் என்பதை எதைக்கொண்டு காட்டுவது? ஃப்ரீபிக் தளத்தின் இலவசக் கணக்கில் எடுத்ததற்குப் பெயர் குறிப்பிட வேண்டும் என்பது நிபந்தனை. கல்யாண அட்டையின் மூலையில் அப்படி ஒரு வரியை நான் இன்றுவரை கண்டதில்லை.

படம் எடுத்தவரும் தன் படத்தைத் திரும்பப் பெற்றுக்கொள்ளலாம். 2013 பெப்ரவரியில் ஐஸ்டொக்கின் ஒளிப்படக் கலைஞர்கள் பலர், கெட்டி கூகிளுடன் செய்த ஓர் ஒப்பந்தத்தை எதிர்த்துத் தம் படங்களை நீக்கினார்கள். 2020 ஜூனில் ஷட்டர்ஸ்டொக் கலைஞர்களுக்கான பங்குமுறையை மாற்றியபோதும் பலர் தம் தொகுப்பை முடக்கினார்கள். அவர்கள் கோபம் நியாயமானது, ஏனெனில் ஒரு படத்துக்கு அவர்கள் கைக்கு வருவது சில சதங்கள். ஏற்கெனவே உரிமம் பெற்றவருடைய அனுமதி இதனால் இல்லாமல் போவதில்லை. ஆனால் தளத்தில் படம் இல்லாததால் திரும்ப இறக்குவது கடினமாகிவிடும்.

டொலரும் தரகரும்

எங்கள் நாட்டில் சந்தா நிற்பதற்கு மறதியைவிடப் பெரிய காரணம் ஒன்று இருந்தது. 2022 மார்ச் தொடக்கத்தில் டொலர் 200 ரூபா அளவில் இருந்தது. மே மாதத்தில் 360 ரூபாவுக்கு அருகில் போனது. மாதம் 30 டொலர் சந்தா என்று வைத்துக்கொண்டால் 6,000 ரூபாச் செலவு 10,800 ரூபாவானது. அதே நேரத்தில் அச்சுத்தாளுக்கும் மைக்கும் தட்டுப்பாடு, மணித்தியாலக் கணக்கில் மின்வெட்டு, எரிபொருளுக்கு வரிசை, வெளிநாட்டு இணையக் கொடுப்பனவுகளுக்கு வங்கிகளின் கட்டுப்பாடு. சுற்றுலாப் பயணிகளும் வரவில்லை. மத்திய வீதியில் இருந்தாலும் கிண்ணியாவில் இருந்தாலும், சின்ன டிசைன் கடை ஒன்று முதலில் வெட்டிய செலவு சந்தாதான். அதில் யாரையும் குறை சொல்ல முடியாது.

அந்த வெற்றிடத்தை நிரப்பியவர்கள் தரகர்கள். படத்தின் இணைப்பை வட்ஸ்அப்பில் அனுப்பினால், தம் கணக்கிலிருந்து இறக்கிச் சில பத்து ரூபாவுக்கு அனுப்பிவைப்பார்கள். ஒரு கணக்கைப் பல பேருக்குப் பிரித்து விற்பவர்களும் இருக்கிறார்கள். வேலை முடிகிறது, வாடிக்கையாளருக்கும் வித்தியாசம் தெரியாது. ஆனால் இந்த வழியில் வருவது கோப்பு மட்டுமே. உரிமம் அந்தத் தரகரின் பெயரில் இருக்கிறது, அதை இப்படிக் கைமாற்ற அவருக்கு அனுமதியும் கிடையாது. தளம் அந்தக் கணக்கை முடக்கினால் இருந்த சான்றும் அழிந்துபோகும். நெருக்கடிக் காலத்தில் பிடித்த இந்தப் பழக்கம் டொலர் ஓரளவு இறங்கிய பிறகும் விடவில்லை என்பதுதான் என்னை வருத்துகிறது.

பிடிபட்டால் கடிதம் போவது டிசைனருக்கு அல்ல, இணையத்தளத்தின் சொந்தக்காரருக்கு. படங்களை இணையத்தில் தேடி அடையாளம் காணும் பிக்ஸ்கவுட் என்ற நிறுவனத்தைக் கெட்டி 2011இல் வாங்கியது. இப்படிப்பட்ட தேடல் இயந்திரங்களுக்கு நியூயோர்க்கும் நிலாவெளியும் ஒன்றுதான். விடுதியின் பக்கத்தில் இருக்கும் படத்தைக் கண்டுபிடித்து, உரிமச் சான்றைக் காட்டு அல்லது இவ்வளவு கட்டு என்று எழுதுவார்கள். விடுதிக்காரர் டிசைனரிடம் வந்து கேட்பார், "தம்பி, இந்தப் படத்துக்கு நாங்க காசு கட்டினதுதானே?" என்று. உண்மையாகவே கட்டியிருந்தாலும், மூடிய கணக்கிலிருந்து ரசீதை எடுக்க முடியாவிட்டால் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல முடியாது. இலங்கைச் சட்டமும் இதில் தெளிவாக இருக்கிறது. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் ஒளிப்படங்களைப் பாதுகாக்கிறது. பதிப்புரிமை ஆக்கியவரின் ஆயுள்காலமும் அதன் பின் 70 வருடங்களும் நிலைக்கிறது. கூகிளில் கிடைத்தது என்பது சட்டத்தின் முன் ஒரு காரணமே அல்ல.

இறக்கிய அன்று செய்ய வேண்டியது

ஒவ்வொரு வேலைக்கும் ஒரு கோப்புறை. அதற்குள் படத்தின் மூலக் கோப்பு, தளம் கொடுத்த பெரிய அளவிலேயே. அதோடு ரசீது, படத்தின் இலக்கம், அன்றைக்கு இருந்த உரிமப் பக்கம் பிடிஎஃபாக, யாருடைய கணக்கில் யாருக்காக எடுத்தது என்று ஒரு வரி. இலவசத் தளமென்றால் உரிமப் பக்கத்தை இணைய ஆவணக் காப்பகமான ஆர்கைவ் தளத்திலும் பதியவைத்தால், அந்தத் திகதியில் அந்த விதி இருந்தது என்பதற்கு வெளிச்சாட்சி கிடைக்கும். அடோபியின் வடிவமைப்பு மென்பொருள்களான இன்டிசைனிலும் இலஸ்ட்ரேட்டரிலும் பேக்கேஜ் என்ற கட்டளை இருக்கிறது. வடிவமைப்பில் இணைத்த படங்களை அது தேடி எடுத்து ஒரே இடத்தில் சேர்த்துவிடும். வேலையை ஒப்படைக்கும் நாளில் அதை ஒருமுறை அழுத்தாமல் கோப்பை மூடக்கூடாது. கன்வா என்றால் முடிந்த வடிவமைப்பு ஒவ்வொன்றையும் அச்சுத்தர பிடிஎஃபாக வெளியே எடுத்து வைக்க வேண்டும். என்வாட்டோ என்றால் வேலையின் பெயரைப் பதிய வேண்டும்.

மூலக் கோப்பு ஏன் என்று கேட்பவர்களுக்கு ஒரு கணக்கு. ஏ4 முழுப் பக்கத்துக்கு 300 டிபிஐயில், அதாவது அங்குலத்துக்கு 300 புள்ளி என்ற தரத்தில், 2480க்கு 3508 பிக்சல் தேவை. வட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பிய படம் நீளப்பக்கத்தில் 1600 பிக்சல் அளவுக்குச் சுருங்கிவிடும். அதே தரத்தில் அச்சிட்டால் அது ஐந்தேகால் அங்குலத்துக்குச் சற்று மேல்தான். வாடிக்கையாளரின் தொலைபேசியில் இருக்கும் பழைய துண்டுப்பிரசுரத்திலிருந்து படத்தை வெட்டி எடுத்து ஒப்பேற்றலாம் என்பது அச்சில் வந்ததும் முகத்தில் அடித்தாற்போல் தெரிந்துவிடும்.

வாடிக்கையாளரோடு பேசவேண்டிய விடயம் ஒன்றும் இதில் உண்டு. 'ஓப்பன் ஃபைல் தாங்கோ' என்று, திருத்தக்கூடிய வடிவமைப்புக் கோப்பைக் கேட்கிறார்கள், கேட்பது நியாயம். ஆனால் அதற்குள் இருக்கும் ஸ்டொக் படத்தைப் பிரித்தெடுத்து இன்னொரு விளம்பரத்தில் போட அவருக்கு உரிமை வராது, உரிமம் அவர் பெயருக்கு மாற்றப்பட்டிருந்தாலொழிய. முடியுமானால் விடுதியின் பெயரிலேயே கணக்குத் திறந்து, விடுதியின் அட்டையிலேயே பணம் கட்டவைப்பதுதான் நல்லது. அப்போது டிசைனர் மாறினாலும் சான்று விடுதியிடமே இருக்கும்.

இவ்வளவும் ஸ்டொக் படம் தேவைப்படும் வேலைக்கு. ஆனால் திருகோணமலையைப் பற்றிய விளம்பரத்துக்கு வெளியூர்க் கடற்கரைப் படத்தை வாடகைக்கு எடுப்பதே முதலில் பிழை என்று நினைக்கிறேன். மாலைதீவின் வெள்ளை மணலையும் நீர் வீடுகளையும் போட்டு நிலாவெளி என்று அச்சிட்டால், வந்து இறங்கும் பயணிக்கு முதல் நாளே ஏமாற்றம். நிலாவெளிக்கு அதன் சொந்த நிறம் இருக்கிறது, அதைக் காட்டினால் போதும். பெரிய தளங்களில் எங்கள் ஊரைத் தேடினால் கோணேசர் கோவிலின் சிவன் சிலை, பிரெட்ரிக் கோட்டை மான்கள், புறாத்தீவு என்று அதே சில காட்சிகள்தான் திரும்பத் திரும்ப வருகின்றன. தமிழ்க் கல்யாணம் என்று தேடினால் பெரும்பாலும் வட இந்திய மணமக்கள். எங்கள் வீட்டு மணவறையும் கூறைச்சேலையும் அங்கே இல்லை. செயற்கை நுண்ணறிவிடம் கேட்டுப் பெறும் படம் இந்தக் குறையைத் தீர்க்காது. கோணேசர் கோவில் நிற்கும் சுவாமிமலையின் பாறை எந்தப் பக்கம் செங்குத்தாக இறங்குகிறது என்பது அங்கே நின்றவருக்குத்தான் தெரியும்.

நகரத்தில் நல்ல ஒளிப்படக் கலைஞர்கள் இருக்கிறார்கள். கல்யாண நாட்கள் இல்லாத வாரங்களில் அவர்களுக்கு வேலை குறைவு. நான்கைந்து விடுதிகள் சேர்ந்து செலவைப் பகிர்ந்தால், சித்திரை முதல் புரட்டாதி வரையான தெளிந்த கடலையும், மழைக்குப் பிறகு கன்னியா வெந்நீரூற்றுப் பக்கம் பச்சையாக இருக்கும் நாட்களையும் ஒரே வருடத்தில் படமாக்கி வைக்கலாம். புறாத்தீவு 2003 முதல் தேசியப் பூங்கா, அதனால் வணிகப் படப்பிடிப்புக்கு வனசீவராசிகள் திணைக்களத்திடம் முதலிலேயே அனுமதி கேட்க வேண்டும். கோட்டைக்குள் இராணுவமும் துறைமுகப் பக்கம் கடற்படையும் இருப்பதால் டிரோனைச் சும்மா எழுப்பக்கூடாது, சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபையின் விதிகளும் உண்டு. கோவிலுக்குள் எடுப்பதென்றால் ஆலய நிருவாகத்திடம் கேட்க வேண்டும். முகம் தெரியும்படி ஒருவரைப் படமெடுத்தால், விளம்பரத்துக்குப் பயன்படுத்தச் சம்மதம் என்று தமிழிலோ சிங்களத்திலோ அவருக்கு விளங்கும் மொழியில் ஒரு தாளில் கையெழுத்து வாங்கிக்கொள்ள வேண்டும்.

கலைஞரோடும் எழுத்தில் பேச வேண்டும். காசு கொடுத்ததால் படம் முழுதும் எனக்கே என்று விடுதிக்காரர் நினைப்பார், எடுத்தவன் நான் என்று கலைஞர் நினைப்பார். எந்தெந்தப் பயன்பாட்டுக்கு, எத்தனை வருடத்துக்கு, வேறு விடுதிக்கும் கொடுக்கலாமா, பெயர் போட வேண்டுமா, டீசேர்ட்டும் நாட்காட்டியும் அதற்குள் அடங்குமா என்று ஒரு பக்கத்தில் எழுதி இருவரும் ஒப்பமிட்டு, ஒரு பிரதியை மூலப் படங்கள் இருக்கும் அதே கோப்புறையிலும் இன்னொன்றை விடுதியின் கோவையிலும் வைக்க வேண்டும். மூலப் படங்களை இரண்டு வன்தட்டுகளில் பிரதி எடுத்து, ஒன்றைக் கடையிலும் மற்றதை வேறு கட்டடத்திலும் வைப்பது நல்லது. 2004 டிசம்பரில் கடல் உள்ளே வந்த ஊர் இது, எல்லாவற்றையும் ஒரே மேசையில் வைக்கும் தைரியம் எங்களுக்கு வேண்டாம்.